கண்ணை மூடிக்கொள்ளும் கார்!

நல்ல இருட்டு. ஒரு சிறிய கார் பறந்து வருகிறது. முன்விளக்கு இரண்டும் பளிச்சென்று எரிகின்றன. எதிரே ஒரு மேடு. டிரைவர் ஆக்சிலேட்டரை அழுத்துகிறார்.

அவ்வளவுதான். விளக்கு இரண்டும் மெல்லக் கீழே இறங்குகின்றன. காரின் மூக்குக்குள் போய்ப் படுத்துக்கொள்கின்றன!

பல்பு கெடவில்லை. பாட்டரி கெடவில்லை. ஒயர் அறுந்துபோகவில்லை. ஆனால் எதிரே ஒன்றும் தெரியவில்லை.

காரணம் என்ன? ஒரு ரப்பர் குழாயில் சின்னஞ்சிறு வெடிப்பு. அதன் வழியாகக் காற்று புகுந்துவிட்டது. அதனால் கார் கண்ணை மூடிக்கொண்டது.

இங்கிலாந்தில் 1962-ம் ஆண்டு வெளிவந்த "லோட்டஸ் ஈலான்" என்ற காருக்கு இந்த நோய் உண்டு. லோட்டஸ் என்றால் தாமரை. பெயருக்கு ஏற்றபடி, பொழுது போனால் கூம்பிவிடுகிறது!

"சீமையில் யாரோ ஆசைக்கு வைத்திருக்கும் பழைய கார். அதற்கும் நமக்கும் என்ன சம்பந்தம்?" என்று மல்லசமுத்திரத்து வாசகர் ஒருவர் கேட்கலாம். சம்பந்தம் இருக்கிறது. மல்லசமுத்திரத்துக் கூட்டுறவுச் சங்கத்தில் நடக்கும் பருத்தி ஏலத்துக்கு மூட்டை ஏற்றி வருகிற வேன் இருக்கிறதே, அதிலும் இதே காற்று வேலை செய்கிறது. எங்கே என்று பிறகு சொல்கிறேன். முதலில் இந்தக் காரின் நோயைப் பார்த்துவிடுவோம்.

விளக்குக்கு இமை எதற்கு?

வேகமாகப் போகிற காருக்கு மூக்கு தாழ்ந்து இருக்கவேண்டும். அப்போதுதான் எதிர்க்காற்றைக் கிழித்துக்கொண்டு போகும். ஆனால் முன்விளக்கு மிகவும் தாழ்வாக இருக்கக்கூடாது என்று பல நாடுகளில் சட்டம் இருக்கிறது. தாழ்ந்த விளக்கு தூரத்தைக் காட்டாது.

மூக்கு தாழவேண்டும், விளக்கு உயரவேண்டும். என்ன செய்வது? பகலில் விளக்கை மூக்குக்குள் மடக்கி வைத்தார்கள். இரவில் வெளியே தூக்கினார்கள்.

இந்த யோசனை பழையது. 1936-ம் ஆண்டிலேயே அமெரிக்காவில் "கார்டு" என்ற காரில் இப்படி மடக்கு விளக்கு வந்துவிட்டது. டிரைவருக்கு முன்னால் உள்ள பலகையில் கைப்பிடி இருக்கும். கிணற்று ராட்டினம்போல் அதைச் சுற்றவேண்டும். விளக்கு மேலே வரும். ஜெர்மனியில் 1968-ல் வந்த "ஓப்பல் ஜி.டி." காரில் ஒரு நெம்புகோல். அதைப் பலமாகத் தள்ளினால் இரண்டு விளக்கும் உருண்டு திரும்பும்.

கையால் சுற்றுவது அலுப்பு. மின்சார மோட்டார் வைத்தால் செலவு. அப்போதுதான் காற்றின்மேல் கண் வைத்தார்கள். ஈலான் காரிலும், 1968 முதல் அமெரிக்காவின் "கார்வெட்" காரிலும் காற்றுதான் விளக்குக்கு வேலைக்காரன். கூலி கிடையாது. என்ஜின் ஓடினால் போதும்.

இளநீர்க் குழல்

இளநீரில் குழல் போட்டு உறிஞ்சுகிறோம். குழலுக்குள் காற்று குறைகிறது. வெளிக்காற்று இளநீரை அழுத்துகிறது. அது வாய்க்கு ஏறுகிறது.

பெட்ரோல் என்ஜினும் இப்படித்தான் உறிஞ்சுகிறது. பிஸ்டன் கீழே இறங்கும்போது காற்றை உள்ளே இழுக்கிறது. ஆக்சிலேட்டரை மிதிக்காத நேரத்தில் காற்று வரும் வழி ஏறக்குறைய அடைபட்டு இருக்கும். ஆகவே அந்த வழிக்குள் காற்று மிகவும் குறைந்துபோகும். இதைத்தான் மெக்கானிக்குகள் "வேக்குவம்" என்கிறார்கள். நல்ல நிலையில் உள்ள என்ஜின் சும்மா ஓடும்போது, பாதரசக் கணக்கில் 18 முதல் 20 அங்குலம் வரை இழுக்கும்.

இந்த இழுப்பை ஒரு ரப்பர் குழாய் முன்பக்கம் கொண்டுபோகிறது. அங்கே ஒரு சிறிய டப்பா. அதற்குள் ரப்பர் சவ்வு. சவ்வின் நடுவில் ஒரு கம்பி. காற்று இழுக்கப்பட்டதும் சவ்வு உள்வாங்குகிறது. கம்பி இழுபடுகிறது. விளக்கு எழுந்து நிற்கிறது.

ஒரு சங்கடம் இருக்கிறது. ஆக்சிலேட்டரை முழுக்க மிதித்தால் காற்று வரும் வழி திறந்துவிடும். இழுப்பு போய்விடும். மேடு ஏறும்போது என்ஜினிடமிருந்து ஒன்றும் கிடைக்காது.

அதற்காக ஒரு காலி டாங்கி வைத்தார்கள். வெள்ளம் வரும்போது ஏரியில் தேக்கிக்கொள்வதுபோல, இழுப்பு இருக்கும்போது டாங்கியில் வெற்றிடத்தைத் தேக்கிக்கொள்வது. திரும்பிப் போகாமல் இருக்க ஒருவழி வால்வு. டாங்கி சரியாக இருந்தால் என்ஜினை நிறுத்திய பிறகுகூட விளக்கு நிற்கும்.

ஈலானில் இந்த டாங்கியைத் தனியாகச் செய்யவில்லை. காரின் எலும்புக்கூடு இருக்கிறது அல்லவா, அதன் முன்பக்கக் குறுக்குச் சட்டம் உள்ளே பொள்ளல். அதையே டாங்கி ஆக்கிவிட்டார்கள்! ஒரே இரும்பு, இரண்டு வேலை. இந்தக் காரை உருவாக்கியவர்களில் முக்கியமானவர் ரான் ஹிக்மன். மகா மூளைக்காரர். ஒரு நாற்காலிமேல் மரத்தை வைத்து அறுத்தபோது நாற்காலியையும் சேர்த்துக் கெடுத்துவிட்டார். அதனால் மடக்குப் பட்டறை மேசை ஒன்றைக் கண்டுபிடித்தார். அது உலகமெங்கும் விற்றது.

ஆனால் சட்டம் துருப் பிடிக்கும் என்பதை யாரும் தடுக்க முடியாது. மழைநீர் பட்டுப் பட்டு அதில் ஊசி ஓட்டை விழுகிறது. ஏரியில் மடை உடைந்ததுபோல் ஆகிவிடுகிறது.

எப்படிக் கண்டுபிடிப்பது?

பழைய கார்களைப் பாதுகாப்பவர்கள் இந்த நோய்க்கு வைத்தியம் சொல்வார்கள். பட்டறைப் பையன்களுக்கும் உபயோகப்படும் என்பதால் கொஞ்சம் விவரமாகவே எழுதுகிறேன்.

வழியில் விளக்கு விழுந்துவிட்டால் ஆராய்ச்சி வேண்டாம். வண்டியை ஓரம் கட்டி, விளக்கைக் கையால் தூக்கி, ஒரு மரக்கட்டையை முட்டுக் கொடுத்து, வீடு போய்ச் சேரவேண்டும். அழகு நாளைக்கு.

மறுநாள் காலையில் என்ஜினை ஓடவிட்டு விளக்கைத் தூக்குங்கள். பிறகு என்ஜினை நிறுத்துங்கள். சத்தம் போடாமல் நின்று கேளுங்கள். "உஸ்" என்று மெல்லிய ஓசை வந்தால் அந்த இடத்தில் ஓட்டை.

சைக்கிள் டியூபுக்குச் செய்வதுபோல் சோப்புத் தண்ணீர் தடவிப் பயன் இல்லை. வெளியே வருகிற காற்று நுரையை ஊதிக் காட்டிக்கொடுக்கும். இங்கே காற்று உள்ளே போகிறது. சோப்புத் தண்ணீரையும் சேர்த்துக் குடித்துவிடும்!

ஓசை கேட்கவில்லையா? குழாயை ஒவ்வொரு இடமாக அழுத்திப் பிடித்துப் பார்க்கவேண்டும். குறடின் வாயில் துணி சுற்றிக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் பழைய ரப்பர் பிய்ந்துபோகும். இடது விளக்குக்குப் போகும் குழாயை அழுத்தினால் வலது விளக்கு விழாமல் நிற்கிறதா? அப்படியானால் கோளாறு இடது பக்கத்தில். எந்தப் பக்கத்தை அழுத்தினாலும் மற்றது விழுகிறதா? அப்படியானால் கோளாறு பொதுவான பகுதியில். டாங்கி, வால்வு, சுவிட்சு, நடுக் குழாய் இவற்றில் ஒன்று.

ஒருவழி வால்வைக் கழற்றி வாயால் ஊதலாம். ஒரு பக்கம் காற்று போகவேண்டும். மறுபக்கம் போகக்கூடாது. இரண்டு பக்கமும் போனால் அதைக் குப்பையில் போடலாம்.

பெரும்பாலும் குற்றவாளி குழாயின் நுனிதான். கிளிப் போட்ட இடத்தில் ரப்பர் காய்ந்து வெடித்திருக்கும். குழாய் நீளமாக இருந்தால் நுனியில் அரை அங்குலம் வெட்டிவிட்டு மறுபடி சொருகினால் போதும். புதுக் குழாய் போடுவதானால் சுவர் தடித்த குழாயாகப் போடவேண்டும். கையில் கிடைத்த மெல்லிய குழாயைச் சொருகுகிறார்கள் சிலர். காற்றை ஊதும் குழாய் மெல்லியதாக இருந்தாலும் நிற்கும். காற்றை இழுக்கும் குழாய் மெல்லியதாக இருந்தால் வயிறு ஒட்டிப்போய்த் தானே அடைத்துக்கொள்ளும்.

எல்லாம் சரி, ஒரு விளக்கு மட்டும் சோம்பேறியாக எழுகிறது என்றால் காற்றைத் திட்டவேண்டாம். கீலில் துரு. எண்ணெய் விட்டால் சுறுசுறுப்பு வரும்.

இன்னொரு அடையாளமும் உண்டு. காற்று ஒழுகுகிற காரில் என்ஜின் சும்மா நிற்கும்போது தடுமாறும். ஓட்டை வழியாகப் போன காற்று என்ஜினுக்குத்தானே போகிறது? பெட்ரோலுக்கு மேல் காற்று அதிகமாகிவிடும். விளக்கு நோயும் என்ஜின் நோயும் வேறு வேறு என்று எண்ணி, இரண்டுக்கும் தனித்தனியே செலவு செய்கிறவர்கள் உண்டு.

எந்தப் பக்கம் விழுகிறது?

இவ்வளவும் வைத்தியம். நான் எழுத வந்தது வேறு.

ஓட்டையை இன்றைக்கு அடைக்கிறோம். ரப்பர் சாகாவரம் வாங்கி வந்ததா? மூன்று வருஷம் கழித்து மறுபடி வெடிக்கும். அப்போது அந்த விளக்கு எந்தப் பக்கம் விழும்? இந்தக் கேள்வியை முதலில் ஈலான் செய்தவர்கள் கேட்கவில்லை. காற்றைக் கொண்டு விளக்கைத் தூக்கினார்கள். ஆகவே காற்று போனதும் விளக்கு கீழே விழுந்தது. இருட்டில், வேகத்தில், கண் போயிற்று.

பிறகு வந்த ஈலான்களில் விஷயத்தைத் தலைகீழாக மாற்றினார்கள். விளக்கைத் தூக்குவதற்கு ஸ்பிரிங். அதைக் கீழே பிடித்து வைப்பதற்குத்தான் காற்று. குழாய் வெடித்தால் என்ன ஆகும்? பிடித்திருந்த கை விட்டுப்போகும். ஸ்பிரிங் விளக்கைத் தூக்கிவிடும். கார் கண் விழித்துக்கொள்ளும்!

அதே குழாய். அதே சவ்வு. அதே ஓட்டை. முன்னது ஆளைக் கொல்லும். பின்னது காப்பாற்றும்.

இதற்கும் குறை சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். காரை நிறுத்திவிட்டுப் போனால், காற்று மெல்ல மெல்லக் கசிந்து விளக்கு தானாக எழுந்துகொள்கிறதாம். சில சமயம் ஒரு விளக்கு மட்டும் எழுந்து, போகிற வருகிறவர்களைப் பார்த்துக் கண் அடிக்கிறதாம்! பார்க்க அசிங்கமாக இருக்கிறதாம்.

இருந்துவிட்டுப் போகட்டும். நிற்கிற காரைப் பார்த்து நாலு பேர் சிரித்தால் என்ன நஷ்டம்? மோட்டார் வைத்து மாற்றிக்கொள்கிறவர்களும் உண்டு. அதிலும் தப்பு இல்லை. மோட்டார் கெட்டால் தூக்கிய விளக்கு பெரும்பாலும் தூக்கிய இடத்தில் நிற்கும். நான் ஆட்சேபிப்பது ஒன்றைத்தான். ஸ்பிரிங் வைத்த காரைப் பழையபடி மாற்றி, அழகுக்காக ஆபத்தை விலைக்கு வாங்குவதை!

எண்பது உயிர்

"விளக்கு விழுந்தால் உடனே பிரேக் போட்டால் ஆயிற்று" என்பீர்கள். காற்று எந்தப் பக்கம் விழுகிறது என்ற கேள்வியைக் கேட்காமல் விட்டதற்கு உலகம் கொடுத்த விலை பெரியது.

1889-ம் ஆண்டு ஜூன் மாதம் 12-ந் தேதி. அயர்லாந்தில் அர்மா என்ற ஊர். ஞாயிற்றுக்கிழமைப் பள்ளிப் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு ஓர் உல்லாசப் பயண ரெயில் புறப்பட்டது. பாரம் அதிகம். மேட்டில் ஏற முடியாமல் என்ஜின் நின்றுவிட்டது. ரெயிலை இரண்டாகப் பிரித்து, முன்பாதியை முதலில் கொண்டுபோகலாம் என்று முடிவு செய்தார்கள்.

அந்த ரெயிலிலும் வேக்குவம் பிரேக்தான். காற்றை இழுத்தால் பிரேக் பிடிக்கும். காற்று புகுந்தால் பிரேக் விட்டுப்போகும். ரெயிலைப் பிரித்ததும் குழாயும் பிரிந்தது. பின்பாதிக்குப் பிரேக் இல்லை! கடைசி வண்டியின் கைப் பிரேக்கையும், சக்கரத்துக்கு அடியில் வைத்த கற்களையும் நம்பினார்கள். முன்பாதி லேசாகப் பின்னால் வந்து இடித்தது. கல் நொறுங்கியது. பிள்ளைகள் நிறைந்த பெட்டிகள் சரிவில் பின்னோக்கி ஓடின. பின்னால் வந்துகொண்டிருந்த இன்னொரு ரெயிலில் மோதின.

எண்பது பேர் மாண்டார்கள். பலர் குழந்தைகள்.

அதே ஆண்டில் பிரிட்டனில் சட்டம் வந்தது. பயணி ரெயிலின் பிரேக் தானாகப் பிடிக்கவேண்டும். குழாய் பிரிந்தால், வண்டி அறுந்தால், பிரேக் விடக்கூடாது, பிடிக்கவேண்டும்.

நம் நாட்டு ரெயில்களிலும் நெடுங்காலம் இந்தத் தானியங்கி வேக்குவம் பிரேக்தான் இருந்தது. அபாயச் சங்கிலியை இழுத்தால் வண்டி நிற்கிறதே, எப்படி? சங்கிலி ஒரு வாயைத் திறக்கிறது. காற்று உள்ளே புகுகிறது. பிரேக் பிடித்துக்கொள்கிறது. இப்போது காற்றை இழுப்பதற்குப் பதில் அழுத்தி வைக்கும் பிரேக் வந்துவிட்டது. அதிலும் குழாய் அறுந்தால் பிரேக் பிடிக்கும். எந்தப் பக்கம் விழவேண்டும் என்பது மாறவில்லை.

நம் ஊர் வண்டிகள்

நாமக்கல் மாவட்டத்தில் இதைப் புத்தகம் பார்த்துத் தெரிந்துகொள்ளவேண்டியது இல்லை. லாரிக்குப் பாடி கட்டும் நாமக்கல் பட்டறையிலும், திருச்செங்கோட்டு ரிக் வண்டியிலும் தினமும் பார்க்கலாம். காலையில் வண்டியை எடுக்கும்போது, "ஏர் ஏறட்டுங்க அண்ணா" என்று கிளீனர் சொல்கிறார். ஏன் காத்திருக்கிறார்கள்? நிறுத்திய லாரியின் பின்சக்கரத்தைப் பலமான ஸ்பிரிங் பிடித்துக்கொண்டிருக்கிறது. காற்று ஏறி அந்த ஸ்பிரிங்கை அமுக்கினால்தான் சக்கரம் விடும். காற்று ஒழுகிவிட்டால் லாரி நகராது. டிரைவருக்குக் கோபம் வரும். ஆனால் வண்டி பள்ளத்தில் தானாக ஓடாது.

இவ்வளவு தெரிந்த ஊரில், இருட்டியபின் சாலைக்கு வந்து பாருங்கள். கரும்பு வெட்டும் காலத்தில் டிராக்டர் டிரெய்லர்கள் வரிசையாகப் போகின்றன. பின்விளக்கு இல்லாதவை உண்டு. இருந்தும் எரியாதவை உண்டு. "பாட்டரி ஒயர் விட்டுப்போச்சுங்க" என்பார்கள். ஒயர் விட்டால் விளக்கு இருட்டுப் பக்கம்தான் விழும். பின்னால் மோட்டார் சைக்கிளில் வருகிற ஆளுக்குக் கரும்பு நுனி தெரியும்போது முகத்துக்கு நேரே இருக்கும்.

இதற்கு மருந்து ஒளி திருப்பும் சிவப்புப் பட்டை. அதற்கு ஒயர் இல்லை, பாட்டரி இல்லை, காற்று இல்லை. ஆகவே விட்டுப்போவதற்கும் ஒன்றும் இல்லை. பின்னால் வருகிறவரின் விளக்கு பட்டாலே அது எரியும். சேறு பட்டால் துடைக்கவேண்டும். அவ்வளவுதான். பின்விளக்கு வேண்டாம் என்று சொல்லவில்லை. சட்டப்படி அது எரியத்தான் வேண்டும். ஆனால் விளக்கை மட்டும் நம்பி டிரெய்லரைச் சாலைக்கு அனுப்புவது, முதல் ஈலானை இரவில் ஓட்டுவதற்குச் சமம். கரும்புக்கு முன்பணம் கொடுக்கிறவர்கள், இந்தப் பட்டை ஒட்டாத டிரெய்லரில் சரக்கு ஏற்றமாட்டோம் என்று ஒரு வார்த்தை சொன்னால் ஒரே பருவத்தில் எல்லா டிரெய்லரும் ஒட்டிக்கொள்ளும்.

உங்கள் வீட்டுக் காரில்

பருத்தி வேனில் காற்று எங்கே இருக்கிறது என்று சொல்வதாகச் சொன்னேன் அல்லவா? பிரேக்கில் இருக்கிறது.

கார், சிறு வேன் இவற்றின் பிரேக் பெடலுக்கு முன்னால் வட்டமான பெரிய டப்பா ஒன்று இருக்கும். மெக்கானிக்குகள் "பூஸ்டர்" என்பார்கள். அதற்குள்ளும் ரப்பர் சவ்வுதான். நீங்கள் மெல்ல மிதித்தால், என்ஜினின் இழுப்பு கூட நின்று அழுத்திக் கொடுக்கும். டீசல் என்ஜினுக்கு இந்த இழுப்பு போதாது என்பதால் தனியாக ஒரு சிறு பம்பு வைத்திருப்பார்கள்.

பூஸ்டரில் காற்று ஒழுகினால் பிரேக் அடியோடு போகாது. பெடல் கல்லுப்போல் ஆகிவிடும். பலமாக மிதித்தால் பிடிக்கும். இதுவும் நல்ல பக்கம் விழுவதுதான். ஆனால் பாதி நல்ல பக்கம். பெண்களும் வயதானவர்களும் ஓட்டும் காரில், அவசரத்தில் அவ்வளவு பலம் காலுக்கு வருமா?

இதில் ஒரு கெட்ட பழக்கத்தைச் சொல்லாமல் விட முடியாது. மலை இறங்கும்போது எண்ணெய் மிச்சம் என்று என்ஜினை அணைத்துவிட்டு வண்டியை உருட்டுகிறார்கள். கொல்லிமலைப் பாதையில் 70 கொண்டை ஊசி வளைவு. பூஸ்டரில் மிச்சம் இருக்கும் காற்றுக் கணக்கு இரண்டு மூன்று மிதிக்குத்தான். நாலாவது வளைவில் பெடல் கல்லாகிவிடும். பாக்கி வளைவுகள் அப்படியே இருக்கும்.

உங்கள் பூஸ்டர் சரியாக இருக்கிறதா என்று வீட்டு வாசலிலேயே பார்க்கலாம். காசு செலவு இல்லை. சமதரையில் வண்டியை நிறுத்தி, கைப் பிரேக்கைப் போடுங்கள். என்ஜினை அணையுங்கள். பிரேக் பெடலை நாலைந்து முறை மிதியுங்கள். பெடல் கெட்டியாகிவிடும். காலை எடுக்காமல், அழுத்தியபடியே என்ஜினை ஸ்டார்ட் செய்யுங்கள். பெடல் காலுக்கு அடியில் கொஞ்சம் கீழே இறங்கவேண்டும்.

இறங்கவில்லையா? இந்த ஞாயிற்றுக்கிழமை மலைக்குப் போகவேண்டாம். என்ஜினிலிருந்து அந்த டப்பாவுக்கு வருகிற ரப்பர் குழாயின் நுனியை முதலில் பார்க்கச் சொல்லுங்கள்.